துலாக்கிணறு: ஐந்து நிற மரச்செதுக்கு அச்சொன்றின் பதிப்பு 30 இலிருந்து 24 ஆன விதம்

படத்தில் இருப்பது ஒரு துலாக்கிணறு. இடப்பக்கம் கிடுகு வேலி, முன்னால் செம்மண் பாத்தியில் புகையிலைக் கன்றுகள், வேலிக்கு மேலால் காலை வானமும் ஒற்றைப் பனையும். படத்தின் அகலம் 24 செ.மீ., உயரம் 16 செ.மீ. ஐந்து நிறங்கள், நாலு பலகைகள். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில், சமகால ஓவியர் ஒருவர் தானே செதுக்கி, தானே அச்சிட்ட மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு இது. தொடங்கியபோது 30 படிகள் என்று தீர்மானம். அதற்காக 40 தாள்கள் வெட்டப்பட்டன. கடைசியில் பென்சிலால் இலக்கம் இடப்பட்டவை 24.

குறைந்துபோன ஆறுக்கும் உளி காரணமல்ல, மையும் காரணமல்ல. கடதாசியை வெட்டிய விதமும் ஐப்பசி மழையும் சேர்ந்து செய்த வேலை அது. நிற மரச்செதுக்கைப் பழகத் தொடங்குபவர்கள் செதுக்கலை எண்ணித்தான் பயப்படுகிறார்கள். செதுக்கல் பிழைத்தால் கண்ணுக்கு உடனே தெரியும், பெரும்பாலும் திருத்தவும் முடியும். படிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்வது பொருத்தம்: ஒவ்வொரு நிறமும் முந்திய நிறத்தின் மேல் தனக்குரிய இடத்தில் விழுகிறதா என்பது. அதனால் இந்த ஆய்வில் கூடிய இடம் அதற்கே போகிறது.

பலகைகள்

ஒரே பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக் குறைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம் அச்சிடும் முறை ஒன்று உண்டு. பலகைச் செலவு குறைவு. ஒரே பலகை என்பதால் பொருத்தமும் ஓரளவு இலகு. ஆனால் இரண்டாம் நிறத்துக்காகச் செதுக்கத் தொடங்கிவிட்டால் முதல் நிறத்தைத் திரும்ப அச்சிட முடியாது. புறூப், அதாவது சோதனை அச்சு, பார்த்து நிறத்தை மாற்றும் வழியும் அடைபடும். இந்த ஓவியர் புறூப் பார்த்துத் திருத்திப் பழகியவர் என்பதால் நிறத்துக்கு ஒரு பலகை என்ற முறையை எடுத்தார்.

முதலில் ஆசைப்பட்டது பூவரசம் பலகைக்கு. வேலிகளில் தாராளமாகக் கிடைக்கும் மரம், இழை நெருக்கம், உளிக்கு நன்றாக இணங்கும். ஒரு நிற அச்சுக்கு அதைவிட வடிவான பலகை தேடத் தேவையில்லை. பல நிற அச்சுக்கு அது சரிவராது. தனி மரப்பலகை ஈரம் குடித்தால் இழைக்குக் குறுக்காகப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். நாலு பலகைகள் நாலு விதமாக அசைந்தால் பொருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிளைவூட்டில் படைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்த அசைவு மிகவும் குறைவு. ஆகவே 12 மி.மீ. பிளைவூட். கடையில் ஓரத்தைப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இல்லாத பலகையாகத் தெரிந்தெடுக்க வேண்டும். வெற்றிடத்துக்கு மேலே செதுக்கினால் அழுத்தும்போது அந்த இடம் அமிழ்ந்து வெள்ளையாக விழும்.

நாலு பலகைகளும் இவை: வேலிக்கும் மண்ணுக்கும் அடியில் வரும் காவி மஞ்சள், வான நீலமும் மண் சிவப்பும் சேர்ந்த ஒன்று, பச்சை, எல்லாவற்றுக்கும் மேலே வரும் கோட்டுப் பலகை. இரண்டாம் பலகையில் நீலமும் சிவப்பும் தொடும் இடம் வேலியின் மேல் விளிம்பு மட்டுமே. அந்தக் கோட்டில் மெல்லிய வாளால் பலகையை இரண்டாக அறுத்து, இரண்டு துண்டுக்கும் தனித்தனியே மை பூசி, திரும்பச் சேர்த்து வைத்து ஒரே அழுத்தலில் அச்சிட்டார். நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1890களில் தன் மரச்செதுக்குகளில் கையாண்ட வழி இது. வாள் தின்ற இடம் அச்சில் ஒரு வெள்ளைக் கோடாக விழும், அதைக் கோட்டுப் பலகை மூடிவிடும். மூட ஒரு கோடு இல்லாத இடத்தில் அறுக்கக்கூடாது.

முதலில் செதுக்கி முடிப்பது கோட்டுப் பலகையை. அதை ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் தாளில் அச்சிட்டு, மை ஈரமாக இருக்கும்போதே மற்றப் பலகைகளில் கவிழ்த்து அமுக்கினால் மூன்றிலும் அதே கோடு பதியும். இதற்குக் கடதாசியைப் பாவித்தால் அதன் நீட்டமும் சேர்ந்து பதிந்துவிடும். பிளாஸ்ரிக் நீளாது. நிறப் பலகைகளில் ஒவ்வொரு பரப்பையும் கோட்டுக்கு அடியில் அரை மி.மீ. தள்ளியே செதுக்க வேண்டும். கோடு ஒரு மி.மீ.க்கு மேல் தடிப்பாக இருந்தால் இந்த அரை மி.மீ. அதற்குள் ஒளிந்துகொள்ளும். பின்னால் பல படிகளைக் காப்பாற்றியது இந்த அரை மி.மீ.தான்.

கோட்டுப் பலகையின் கீழ் மூலையில் "துலா" என்ற சொல், 9 மி.மீ. உயரத்தில். அச்சு இடம்வலம் மாறி விழும் என்பதால் பலகையில் கால் முதலில், பிறகு புரட்டிய "ல", பிறகு புரட்டிய "து". தமிழ் எழுத்தின் சுழிகள் பிளைவூட்டுக்குப் பகை. மேற்படை ஒரு மி.மீ.கூட இராது; அதற்கடியில் இழை குறுக்காகத் திரும்புகிறது. "ல" வின் உட்சுழியில் தனித்து நிற்கும் மரம் ஒரு நெல்லளவுதான். இழையோடு போகும் பக்கம் நிற்கும், குறுக்கே போகும் பக்கம் உளி பட்டதும் தெறிக்கும். முதல் தடவை தெறித்தது. விழுந்த துண்டைத் தேடியெடுத்து சுப்பர் குளூவால் ஒட்டி, ஒரு இரவு விட்டு, பிறகு தொடரப்பட்டது. சரியான ஒழுங்கு இதுதான்: எழுத்து வரும் இடத்தில் தண்ணீர் கலந்த மரப்பசையை மெல்லிதாகப் பூசிக் காயவிட வேண்டும், எழுத்தின் விளிம்பை முதலில் கத்தியால், கத்தி எழுத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்து இறங்கும்படி கீற வேண்டும், அதன் பிறகே வெளியிலிருந்து கீறலை நோக்கி உளி வரலாம். கீறல் இல்லாமல் உளி போனால், அது நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. ஒவ்வொரு அரை மணிக்கும் உளியைத் தோலில் நாலைந்து தரம் இழுத்துத் தீட்டினால், கல்லில் தீட்டும் தேவை நாளுக்கு ஒருதரத்தோடு போய்விடும்.

மை

யாழ்ப்பாணத்து அச்சகங்கள் எதிலும் ஓஃப்செற் மை கிடைக்கும். கலைஞர்களுக்கென்று விற்கும் மையோடு பார்த்தால் மலிவு, மரச்செதுக்குக்கும் பாவிக்கலாம். கேள்வி அது வெயிலைத் தாங்குமா என்பது. அச்சிடுவதற்கு முன்பு ஆறு கிழமை ஒரு சோதனை நடந்தது. ஒவ்வொரு மையையும் ஒரு துண்டில் தடவி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்கு யன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். ஓஃப்செற் சிவப்பும் மஞ்சளும் திறந்த பாதியில் தெளிவாக வெளிறிப்போயின. நீலமும் கறுப்பும் அசையவில்லை. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். நாலு நிற அச்சில் பாவிக்கும் செம்மைக்கும் மஞ்சளுக்கும் போடும் சாயங்கள் ஒளியைத் தாங்குவதற்கென்று தெரிவுசெய்யப்பட்டவை அல்ல. ஒரு மாதம் வாழும் விளம்பரத்துக்கு அது போதும். நீலத்தில் இருக்கும் தலோசயனினும் கறுப்பில் இருக்கும் கரியும் உறுதியானவை.

எனவே நீலமும், கோட்டுப் பலகையின் கருங்கபிலத்துக்கு அடியான கறுப்பும் அச்சகத்து மையிலிருந்து எடுக்கப்பட்டன. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இரும்பொட்சைட்டு நிறத்தூள். சீமெந்து நிலத்துக்குச் சிவப்பு ஏற்றும் அதே வகைத் தூள்தான். நம்முடைய செம்மண்ணைச் சிவக்க வைத்திருப்பதும் இரும்பொட்சைட்டுத்தான். ஆகவே படத்தில் செம்மண்ணுக்கு வேறொரு சிவப்பைத் தேடியிருந்தால் அது வீண் அலைச்சல். கடைத்தூளில் பரல் இருக்கும். மெல்லிய துணியில் சலித்து, தடித்த ஆளிவிதை எண்ணெயோடு சேர்த்து, கண்ணாடிப் பலகையில் அடிமட்டமான கண்ணாடிக் குழவியால் அரைக்க வேண்டும். கத்தியால் குழைத்தால் போதாது. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் ஒரு பரலும் படாத பதம் வரும்வரை அரைக்க வேண்டும். இடையில் ஒரு பரல் தப்பினால் அது றோலரில் ஒட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக வந்து நிற்கும்.

நிறம் ஒவ்வொன்றும் முழுப் பதிப்புக்கும் ஒரே தரத்தில் கலக்கப்பட வேண்டும். இந்த அளவுப் படத்தில் ஒரு படிக்கு முழுப் பரப்பும் மையானால்கூட அரை மில்லிலீற்றர் போகாது. 40 படிகளுக்கு 20 மில்லிலீற்றர் என்று வையுங்கள். கண்ணாடியிலும் றோலரிலும் தங்குவது, சோதனைக்குப் போவது எல்லாம் சேர்த்து நிறத்துக்கு 60 கிறாம் கலந்தார்கள். மீந்தது. மீந்தாலும் பரவாயில்லை. இடையில் முடிந்து திரும்பக் கலந்தால் அதே பச்சை ஒருநாளும் வராது. கலந்த மையை மூடிக்குள் மெழுகுத் தாள் படிய மூடி வைத்தால் ஆடை படியாது.

விறாந்தையில் மத்தியானம் 32 பாகைக்கு மேல். அந்தச் சூட்டில் மை இளகி, செதுக்கிய மெல்லிய பள்ளங்களுக்குள் வழிந்து, கிடுகின் ஓலைக் கீற்றுகளை அடைத்துவிடும். 60 கிறாம் மைக்கு 2 முதல் 3 கிறாம் மக்னீசியம் காபனேற்றுத் தூள் சேர்த்தால் மை விறைக்கும். சரியான பதத்தைக் காது சொல்லும். றோலர் மையில் ஓடும்போது மெல்லிய "சர்ர்" ஒலி, சூடான சட்டியில் தண்ணீர் துளித்தது போல. "சப் சப்" என்று ஒட்டினால் மை கூடிவிட்டது. ஒலியே இல்லையென்றால் குறைவு. றோலரின் சுற்றளவும் கணக்கில் வரவேண்டும். சிறிய றோலர் 24 செ.மீ. ஓடி முடிப்பதற்குள் ஒரு முழுச் சுற்றைத் தாண்டும். தாண்டும் இடத்தில் மை மெலிந்து ஒரு பட்டை விழும். நீல வானத்தில் அப்படி விழுந்து ஒரு தாள் கழிந்தது. அதன் பிறகு றோலரைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டார்கள்.

சட்டமும் அழுத்தியும்

பல நிற மர அச்சு ஜப்பானில் 1765 அளவில், சுசுகி ஹருநொபுவின் காலத்தில், முழு வடிவத்துக்கு வந்தது. தாளைப் பொருத்துவதற்கு அங்கே கண்ட வழி மிக எளியது: ஒரு மூலையில் தாளின் முனை முட்டும் ஒரு கோணம், அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு தடை. இவை இரண்டும் போதும், தாள் வேறெங்கும் போகாது. இங்கே அவை பலகையில் வெட்டப்படவில்லை, ஒரு சட்டத்தில் வைக்கப்பட்டன. 34க்கு 26 செ.மீ. அடிப்பலகை, அதில் பலகை வந்து முட்டும் "ட" வடிவ ரீப்பை, பலகையின் அதே 12 மி.மீ. உயரத்தில் தாளுக்கான கோணமும் தடையும். நாலு பலகைகளும் ஒரே அளவில், குறிப்பாக முட்டும் இரண்டு விளிம்புகளும் மட்டமாக இருக்க வேண்டும். தச்சு வாளால் அறுத்து அரத்தாளால் தேய்த்தால் போதாது. மேசை வாளில் ஒரே வைப்பில் நாலையும் அறுப்பிக்க வேண்டும்.

அழுத்தியது புத்தகம் கட்டுபவர்கள் பாவிக்கும் இரும்புத் திருகு அழுத்தி. மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சுக்கூடம் 1834இல் தொடங்கிய நாளிலிருந்து அச்சும் புத்தகக் கட்டும் நடந்துவரும் ஊர் என்பதால் இப்படியான பழைய அழுத்திகள் இங்கே இன்னும் அகப்படுகின்றன. சதுர மீற்றருக்கு 250 கிறாம் தடிப்புள்ள பருத்திக் கடதாசியை அகப்பை முதுகால் தேய்த்து மட்டும் அச்சிடுவது கைக்குத் தண்டனை. அழுத்தி அதை எளிதாக்கும். மெலிவாக விழுந்த இடங்களுக்கு மட்டும், தாளைத் தூக்கிப் பார்த்த பிறகு அகப்பையைப் பாவிக்கலாம்.

ஒரு படியின் ஓட்டம் இது: பலகைக்கு மை, பலகை மூலையில் முட்ட வைப்பு, தாளைக் கோணத்தில் வைத்துத் தடையில் தொடவைத்து மெதுவாக இறக்கல், மேலே ஒரு எண்ணெய்த் தாள், 3 மி.மீ. கம்பளித் துணி, ஒரு மட்டை, அழுத்திக்குள் தள்ளல், திருகல், பத்து எண்ணல், தளர்த்தல். திருகுச் சில்லில் ஒரு சோக்குக் கோடு போட்டு ஒவ்வொருதரமும் அதே கோட்டுக்கே கொண்டுவந்தால் அழுத்தம் மாறாது. அழுத்தியின் இரும்புத் தட்டு நடுவில் கூடவும் ஓரத்தில் குறையவும் அமுக்கும். அதற்குப் பழைய அச்சுக்கோப்பு வேலைக்காரர் செய்ததையே செய்ய வேண்டும்: மெலிந்த இடத்துக்கு நேரே, பலகையின் பின்பக்கம் மெல்லிய தாள் துண்டுகளை ஒட்டி உயர்த்துதல். மஞ்சளுக்கு இரண்டு துண்டுகள், பச்சைக்கு ஐந்து. ஒரு படிக்கு ஏழெட்டு நிமிடம்.

ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையில் எட்டுப் பத்து நாள் காயவிட வேண்டும். ஓவியருக்குச் சனி, ஞாயிறுகளில்தான் நேரம். புறூப் ஆடியில், மஞ்சள் ஆவணியில், நீலமும் சிவப்பும் புரட்டாதியில், பச்சை ஐப்பசியில். இந்த மாதக் கணக்கில்தான் வினை இருந்தது.

எங்கே பிழைத்தது

கடதாசி 56க்கு 76 செ.மீ. முழுத் தாளாக வந்தது. தேவையான அளவு 30க்கு 22. நேராக வெட்டினால் ஒரு முழுத் தாளில் நாலு. ஆனால் மேலே 30 செ.மீ. உயரத்தில் மூன்றை நிமிர்த்தியும், கீழே 22 செ.மீ. உயரத்தில் இரண்டைப் படுக்கவைத்தும் வெட்டினால் ஐந்து. கடதாசி விலையைப் பார்த்தால் எவருக்கும் தோன்றுகிற சிக்கனம்தான். எட்டு முழுத் தாள்களில் 40 கிடைத்தன. ஒன்பதாவது தாள் புறூப்புக்கு.

இயந்திரத்தில் வார்த்த பருத்திக் கடதாசியிலும் நார்ப்போக்கு உண்டு. ஈரம் பட்டால் கடதாசி நாருக்குக் குறுக்கே நன்றாகவும், நாரோடு மிகக் கொஞ்சமாகவும் நீளும். இந்தத் தாளில் நார் 56 செ.மீ. பக்கமாக ஓடியது. ஆகவே நிமிர்த்தி வெட்டிய 24 தாள்களில் நார் படத்தின் நீளப் பக்கமாக. படுக்கவைத்து வெட்டிய 16இல் படத்தின் உயரப் பக்கமாக. ஒரே கடதாசி, ஒரே நிறம், ஒரே தடிப்பு. கண்ணால் பிரிக்க முடியாது. அடுக்கில் 24 மேலே, 16 கீழே இருந்தன.

ஆடியில் புறூப் எடுத்தபோது சோளகக் காற்று, விறாந்தை உலர்ந்திருந்தது. ஐந்து புறூப்பும் அச்சொட்டாகப் பொருந்தின. மஞ்சளும் நீலம்-சிவப்பும் ஈரப்பதமானி 68 காட்டிய நாட்களில் முடிந்தன. கழிவு மூன்றே மூன்று தாள்கள்: மஞ்சளில் விரலடையாளம் ஒன்று, சிவப்பில் தாள் வழுக்கியது ஒன்று, முன்னர் சொன்ன றோலர் பட்டை ஒன்று. பச்சை தொடங்கிய சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னர் மழை பிடித்தது. ஈரப்பதமானி 86.

மேலிருந்த கூட்டத்தில் மீந்த 22 தாள்களிலும் பச்சை ஏறியது, குறை ஒன்றும் தெரியவில்லை. 23ஆவது தாளில், பொருத்து மூலைக்கு எதிர்ப்பக்கத்தில், புகையிலை இலையின் ஒரு விளிம்பில் தலைமயிரளவு வெள்ளைக் கோடு. மறு விளிம்பில் பச்சை சிவப்பின் மேல் ஏறி ஒரு கறுத்த பட்டை. அடுத்த தாளிலும் அதே. சட்டம் அசைந்துவிட்டது என்று எண்ணி, கோணத்தை ஒரு மி.மீ. நகர்த்தி மூன்று தாள்கள் அச்சிட்டார்கள். எதிர்ப்பக்கம் சரியானது, இப்போது மூலைப் பக்கம் பிழைத்தது. பாதி தூரம் திருப்பி நகர்த்தி இன்னும் நாலு. இரண்டு பக்கமும் பாதிப் பாதி பிழைத்தது. ஒன்பது தாள்கள் போய்விட்டன. அங்கேதான் நிறுத்தினார்கள். இரண்டாவது தாளிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். பிழையின் வடிவத்தைப் பார்க்காமல் கோணத்தில் கை வைத்ததுதான் இந்த வேலை முழுவதிலும் நடந்த பெரிய தவறு.

பொருத்தப் பிழை மூன்று வடிவங்களில் வரும். தாள் முழுதும் ஒரே அளவு, ஒரே திசை என்றால் கோணம் அல்லது பலகை நகர்ந்திருக்கிறது. அதைத் திருத்தினால் தீரும். ஒரு மூலையை மையமாகக் கொண்டு சுழன்றிருந்தால் தாள் தடையில் தொடாமல் இறங்கியிருக்கிறது, கையின் பிழை. மூலைக்குக் கிட்ட ஒன்றுமில்லாமல் தூரம் போகப் போகக் கூடினால் தாள் நீண்டிருக்கிறது. அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

உறுதிசெய்ய உருக்கு அளவுகோல் போதும். ஏற்கெனவே அச்சாகியிருந்த நீலம்-சிவப்புப் பரப்பின் அகலம், அச்சிட்டபோது 240 மி.மீ. கீழ்க்கூட்டத் தாளில் இப்போது 241.1. மேற்கூட்டத்தில் அகலம் மாறவில்லை. உயரம் 160இலிருந்து 160.7. இரண்டு கூட்டமும் நாருக்குக் குறுக்கே ஒரே விகிதத்தில்தான் நீண்டிருக்கின்றன. ஒன்றில் அது குறுகிய பக்கத்தில் நடந்து, கோட்டுக்கு அடியில் விட்ட அரை மி.மீ.க்குள் ஏறத்தாழ அடங்கிவிட்டது. மற்றதில் நீளப் பக்கத்தில் நடந்து வெளியே தெரிந்தது.

பச்சை ஏறாமல் மீந்திருந்த கீழ்க்கூட்டத் தாள்கள் ஆறு. அவற்றை மூடி இறுகும் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில், தாளுக்குத் தாள் இடைவெளி விட்டு, அரைக் கிலோ சிலிக்கா ஜெல்லோடும் ஈரப்பதமானியோடும் வைத்தார்கள். மூன்றாம் நாள் பெட்டிக்குள் 67, அகலம் 240.2. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எடுத்த கையோடு அச்சிட்டார்கள். ஆறும் பொருந்தின. கார்த்திகையில் கோட்டுப் பலகைக்கும் எல்லாத் தாள்களும் ஏழேழாக அந்தப் பெட்டிக்குள் போய் வந்தன. அங்கே ஒரு தாள் தடையில் முட்டாமல் இறங்கிக் கழிந்தது. மேற்கூட்டத்தில் 21, கீழ்க்கூட்டத்தில் 6, மொத்தம் 27.

நேராக நாலு நாலாக வெட்டியிருந்தால் எட்டுக்குப் பதில் பத்து முழுத் தாள்கள் தேவைப்பட்டிருக்கும். இரண்டு தாள் மிச்சம் பிடித்ததற்கு ஒன்பது படிகள் விலை. நார்ப்போக்கைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை: முழுத் தாளின் ஒரு மூலையிலிருந்து சிறு சதுரம் வெட்டி, எந்தப் பக்கம் எது என்று பென்சிலால் குறித்து, ஒரு பக்கத்தை மட்டும் ஈர விரலால் தடவினால் அது சுருளும். சுருளின் குழாய் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதுவே நார் ஓடும் திசை. எல்லாத் தாள்களும் ஒரே போக்கில் இருந்தால், நீண்டாலும் ஒன்றாக நீளும். படத்தின் நீளப் பக்கத்தோடு நார் ஓடும்படி வெட்டினால் நீட்டம் குறுகிய பக்கத்துக்குப் போய்விடும். ஐந்து நிற வேலையை மாசியிலிருந்து ஆவணிக்குள் முடித்துவிடுவது இன்னும் நல்லது. மாரியில் செதுக்கலாம், அச்சிடுவதானால் பெட்டி வேண்டும்.

இலக்கம் இடல்

27 நல்ல படிகளில் 24 பதிப்புக்கு, 3 ஓவியர் படி, அதாவது இலக்கமிட்ட பதிப்புக்கு வெளியே ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்பவை. ஆடியில் எடுத்த புறூப்புகளில் ஒன்று ஒப்புதல் படி. மற்றப் படிகள் எல்லாம் அதோடு ஒப்பிட்டே ஏற்கப்பட்டன. படத்துக்குக் கீழே இடப்பக்கம் 1/24, 2/24 என்று இலக்கம், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையொப்பமும் ஆண்டும், எல்லாம் பென்சிலில். பேனை மை வெளிறும், பரவும். பென்சில் நாருக்குள் அமர்ந்துவிடும், அழித்தால் அழித்த அடையாளம் தெரியும். 1/24 என்பது முதலில் அச்சான படி என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. நாலு தரம் காய்ந்து அடுக்கு மாறிய தாள்களில் முதல் எது, கடைசி எது என்று எவராலும் சொல்ல முடியாது. 7/24க்கும் 1/24க்கும் தரத்தில் வேறுபாடு இருந்தால் அது பதிப்பே அல்ல.

கழிந்த ஒன்பதையும் "மாறுபட்ட பதிப்பு" என்று தனியாக இலக்கமிட்டு விற்கலாமே என்று யோசனை வந்தது. அப்படி ஒரு வகை உண்டுதான்: நிறத்தையோ மை பூசும் விதத்தையோ ஓவியர் தானாக விரும்பிப் படிக்குப் படி மாற்றும்போது. பொருத்தம் பிழைத்த தாளுக்கு அந்தப் பெயரை வைப்பது வாங்குபவரை ஏமாற்றுவது. ஒன்பதும் மற்ற நாலு கழிவுத் தாள்களும் குறுக்கே கிழிக்கப்பட்டன. 30 என்று முன்கூட்டியே எவரிடமும் முற்பணம் வாங்காததால் 24 என்று எழுதுவதற்கு ஒரு தடையும் இருக்கவில்லை. எண்ணை அச்சிட்டு முடிந்த பிறகே சொல்வது எப்போதும் நல்லது.

இலக்கம் இட்ட அன்றைக்கே கோட்டுப் பலகையில் மூலைக்கு மூலை இரண்டு ஆழமான உளிக்கோடுகள் இழுத்து, அந்த நிலையில் ஒரு படி எடுத்து வைக்கப்பட்டது. பதிப்போடு செல்லும் பதிவுத் தாளில் கடதாசி வகை, பலகைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு நிறத்தின் நிறத்தூள், பதிப்பு 24, ஓவியர் படி 3, ஒப்புதல் படி 1, வேலைப் புறூப் 4, கழித்தவை 13, பலகை அழித்த நாள் எல்லாம் உண்டு. கூட்டிப் பார்த்தால் வெட்டிய 45 தாள்களுக்கும் கணக்கு வரும்.

வாங்குபவர் பார்க்கவேண்டியவை

"பிறின்ற்" என்ற ஒரே சொல்லால் இதையும் அழைக்கிறார்கள், ஓர் ஓவியத்தைப் படமெடுத்துக் கணினி அச்சில் போட்டு "மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு" என்று இலக்கமிட்டதையும் அழைக்கிறார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்றால் பார்த்தால் ஐயம் தீரும். கணினி அல்லது ஓஃப்செற் அச்சில் பச்சை என்பது சிறு நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும். மரச்செதுக்கில் புள்ளி இராது. மை ஒரே பரப்பாக இருக்கும், விளிம்பில் அழுத்தத்தால் பிதுங்கிய மெல்லிய வரம்பு தெரியும், வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் தாளின் பின்பக்கத்தில் கோடுகளின் தடம் தெரியும்.

சுவரில் மாட்டும்போது கண்ணாடி தாளில் தொடக்கூடாது; இடையில் ஒரு மட்டைச் சட்டம் வேண்டும். ஒட்டும் ரேப் கூடாது, அது மஞ்சளாகி நாருக்குள் இறங்கும். மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு பட்டிகள், கோதுமை மாப்பசை ஒரு துளி, மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும். பசை கூடினால் இராமபாணப் பூச்சி தேடி வரும். நாலு பக்கமும் ஒட்டி இறுக்கக் கூடாது. விறாந்தையில் அந்த ஐப்பசியில் நீண்ட கடதாசி, வாங்கியவர் வீட்டுச் சுவரிலும் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒரு மி.மீ. நீளும், தையில் திரும்பச் சுருங்கும். இறுக்கி ஒட்டினால் அந்த ஒரு மி.மீ. போக இடமில்லாமல் தாள் நடுவில் அலை எழும். சட்டத்துக்குள் பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி விட்டு, மேலே இரண்டு இடத்தில் தொங்கவிட்டால் போதும்.